வெனெட்டோக்ளாக்ஸ்: புற்றுக் கலத்தைச் சாகவைக்கும் மாத்திரையை இவ்வளவு மெதுவாகத் தொடங்குவது ஏன்? கிரீன் டீ அதற்கு ஈடாகுமா?

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 68. தேயிலைத் தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சி.எல்.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாட்பட்ட நிணநீர்க்கல லுக்கீமியா அவருக்கு இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்னர் தெரியவந்தது. அப்போது ஏற்றிய கீமோ மருந்துகளால் நோய் அடங்கியது. இப்போது கழுத்திலும் அக்குளிலும் கட்டிகள் மறுபடியும் தோன்றியுள்ளன. வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையும் ஏறிவிட்டது. புதிய பரிசோதனையில், புற்றுக் கலங்களின் 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லாமற் போயிருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. இந்த நிலையில் பழைய கீமோவைத் திரும்பக் கொடுப்பதில் பெரிய பயனில்லை என்றும், வெனெட்டோக்ளாக்ஸ் என்னும் மாத்திரையைத் தொடங்கலாம் என்றும் கண்டியிலுள்ள வைத்திய நிபுணர் கூறினார்.

கிளினிக்கில் ஆட்கள் நிறைந்திருந்த நேரம் அது. அவர் பொறுமையாகத்தான் விளக்கினார், ஆனால் எனக்குப் பாதிதான் விளங்கியது. புற்றுக் கலத்தைச் சாகவிடாமல் ஒரு புரதம் காத்து வைத்திருக்கிறது, இந்த மருந்து அந்தப் புரதத்தைச் செயலிழக்கச் செய்துவிடும், அதன் பிறகு கலம் தானாகவே இறந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். கீமோவுக்கு அடங்காத கலம் இதற்கு மட்டும் எப்படி அடங்கும் என்பது என் முதற் கேள்வி. விழுங்கும் மாத்திரைக்கு வார்டில் தங்க வேண்டும் என்று சொல்வது ஏன், 400 மில்லிகிராம் தேவைப்படும் மருந்தை 20 மில்லிகிராமில் தொடங்குவது ஏன் என்பது இரண்டாவது.

மூன்றாவது, வீட்டுக்குள் நடக்கும் வாதம். என் சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் இதே புரதத்தைத்தான் தடுக்கிறது, வெளிநாட்டு ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள் என்று அதில் உள்ளது. வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்குள்ளேயே கிடந்தவருக்கு மருந்து வாசலிலேயே இருக்கிறது என்றால் நம்பத்தானே தோன்றும்? அப்பாவும் நம்பத் தொடங்கியிருக்கிறார். வெறுமனே "பொய்" என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. காரணம் தெரிந்தால் அவரிடம் அமர்ந்து பேசுவேன். அறிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

குருதியியல் பிரிவு வைத்தியர் எழுதியது:

வணக்கம் ஆசிரியை. நான் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் குருதியியல் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் தந்தையாரைப் பார்க்காமல் அவருடைய சிகிச்சை பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையன்று. மருந்து வேலை செய்யும் விதத்தையும், அதை மெதுவாகத் தொடங்குவதற்கான காரணத்தையும் மட்டும் எழுதுகிறேன்.

நம் உடலில் நாள்தோறும் கோடிக்கணக்கான கலங்கள் தம்மைத் தாமே ஒழுங்காக அழித்துக்கொள்கின்றன. வயதான கலம், பழுதான கலம், தேவை முடிந்த கலம் எல்லாம் இப்படித்தான் அகற்றப்படுகின்றன. கெர், வைலி, கரி ஆகிய மூவரும் 1972ஆம் ஆண்டில் இந்த இறப்பு முறையைத் தனியாக இனங்கண்டு விவரித்தார்கள். கலம் எப்போது சாக வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும், அதற்குச் சக்தி தரும் நுண்ணிய உள்ளுறுப்புகளான இழைமணிகளின் வெளிமென்சவ்வில்தான் எடுக்கப்படுகிறது. அங்கே பாக்ஸ், பாக் என்ற இரண்டு புரதங்கள் உள்ளன. அவை உசுப்பப்பட்டால் ஒன்றோடொன்று சேர்ந்து மென்சவ்வில் துளை இடும். அத்துளை வழியே சைற்றோக்குரோம் சி என்ற பொருள் வெளியே கசியும். அது வெளியே வந்ததும் கசுப்பேசுகள் எனப்படும் நொதியங்கள் வரிசையாக விழித்துக்கொண்டு கலத்தின் உட்பகுதியை வெட்டித் துண்டாக்கும்.

பாக்ஸையும் பாக்கையும் உசுப்புவது பிம், பூமா, நொக்சா போன்ற வேறு சில சிறிய புரதங்களின் வேலை. இவற்றைச் சாவுத் தூதர் என்றே சொல்லலாம். பி.சி.எல்-2 என்ற புரதமோ இந்தத் தூதர்களைப் பிடித்துத் தன் மேற்பரப்பில் உள்ள ஒரு பள்ளத்துக்குள் அடைத்து வைத்துவிடும். செய்தி போய்ச் சேராததால் கலம் வாழ்ந்துகொண்டே இருக்கும். சி.எல்.எல். கலங்களில் இந்தப் புரதம் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. பெரும்பாலான நோயாளிகளில் 13ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி அழிந்துபோவதால், பி.சி.எல்-2 உற்பத்தியைக் கட்டுப்படுத்தி வந்த இரண்டு நுண் ஆர்.என்.ஏ.க்கள் இல்லாமற் போவது அதற்கு ஒரு முக்கிய காரணம். சி.எல்.எல். கலங்கள் அவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை என்பதையும், சாக வேண்டிய காலத்தில் சாகாமல் தேங்குவதால்தான் நிணநீர்க்கணுக்களும் மண்ணீரலும் வீங்குகின்றன என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

வெனெட்டோக்ளாக்ஸ் அந்தப் பள்ளத்துக்குள் தான் போய் இறுக்கமாக அமர்ந்துகொள்ளும். உள்ளே அடைபட்டிருந்த பிம் போன்ற தூதர்கள் வெளியே தள்ளப்படும். சி.எல்.எல். கலங்களில் அப்படி அடைபட்ட தூதர்கள் ஏற்கெனவே நிறைய இருப்பதால், தடை நீங்கிய சில மணி நேரத்திலேயே கலம் இறக்கத் தொடங்குகிறது.

உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். கீமோ மருந்து கலத்தின் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தை உணர்ந்து பூமா, நொக்சா போன்ற தூதர்களை உருவாக்கும்படி ஆணையிடுவது பி-53 என்ற புரதம். பி-53க்கான பரம்பரை அலகு இருக்கும் இடம்தான் 17ஆம் நிறமூர்த்தத்தின் அந்தத் துண்டு. துண்டு போய்விட்டால் ஆணையிட ஆள் இல்லை. கலம் எவ்வளவு சேதப்பட்டாலும் சாகாது. வெனெட்டோக்ளாக்ஸ் பி-53ஐ நம்பி இருப்பதில்லை. சங்கிலியில் அதற்கு அடுத்த கண்ணியில் நேரடியாக வேலை செய்கிறது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு முதன்முதலில் அனுமதி கிடைத்ததும் இந்த 17ஆம் நிறமூர்த்தக் குறைபாடுள்ள, முன்னரே ஒரு சிகிச்சையேனும் பெற்ற சி.எல்.எல். நோயாளிகளுக்காகத்தான். அதே ஆண்டில் வெளியான முதற்கட்ட ஆய்வில், நோய் திரும்பி வந்த 116 பேரில் 79 சதவீதத்தினருக்கு நோய் குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 20 சதவீதத்தினருக்கு முழுமையாக மறைந்தது. எல்லோருக்கும் மறையவில்லை என்பதையும் அந்த எண்களிலேயே பாருங்கள்.

இரண்டாவது கேள்விதான் மிக முக்கியமானது. அந்த ஆய்வின் தொடக்கத்தில் மருந்தின் வேகத்தை எவரும் முழுமையாக எதிர்பார்த்திருக்கவில்லை. ஏராளமான கலங்கள் ஒரே நேரத்தில் இறந்தால், அவற்றுக்குள் இருந்த பொற்றாசியம், பொசுபேற்று, யூரிக் அமிலமாக மாறும் பொருட்கள் எல்லாம் குருதிக்குள் கொட்டும். பொற்றாசியம் ஏறினால் இதயத் துடிப்பு குழம்பும், யூரிக் அமிலமும் பொசுபேற்றும் சிறுநீரகத்தில் படிந்து அதை அடைக்கும், கல்சியம் இறங்கும். இதைக் கட்டிச் சிதைவு நோய்த்தொகுதி என்கிறோம். ஆரம்ப ஆய்வுகளில் இதனால் உயிரிழப்பும் நேர்ந்தது. அதன் பிறகே படிப்படியாக ஏற்றும் முறை வகுக்கப்பட்டது. முதல் வாரம் நாளொன்றுக்கு 20, இரண்டாம் வாரம் 50, பிறகு 100, 200, ஐந்தாம் வாரத்தில் 400 மில்லிகிராம். நீங்கள் தலவாக்கலையில் இருப்பதால் மேல் கொத்மலை அணையை வைத்தே சொல்லலாம்: நீர் நிறைந்து நிற்கும்போது வான்கதவுகளை ஒரேயடியாகத் திறந்தால் கீழே உள்ளவர்களுக்கு ஆபத்து, சிறிது சிறிதாகத் திறந்தால் ஆறு தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்கிக்கொள்ள வேண்டியது சிறுநீரகம்.

யார் வார்டில் தங்க வேண்டும் என்பது கட்டியின் அளவையும் குருதி எண்ணிக்கையையும் பொறுத்தது. எல்லாக் கணுக்களும் 5 சென்டிமீற்றருக்குக் குறைவாக இருந்து, நிணநீர்க்கலங்களின் எண்ணிக்கை மைக்குரோலீற்றருக்கு 25,000க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு. பெரும்பாலும் வெளிநோயாளராகவே தொடங்கலாம். ஏதேனும் ஒரு கணு 10 சென்டிமீற்றரை எட்டினாலோ, 5 சென்டிமீற்றர் கணுவோடு எண்ணிக்கையும் 25,000ஐ எட்டினாலோ ஆபத்து அதிகம். 20, 50 ஆகிய இரண்டு அளவுகளிலும் முதல் மாத்திரையை வார்டில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 4, 8, 12, 24 மணி நேரங்களில் குருதி எடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால், இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஆபத்தில் உள்ளவரையும் வார்டில் அனுமதிப்பது வழக்கம். வீடு தொலைவில் இருப்பவர்களை, எண்கள் அனுமதித்தாலும், நான் வார்டிலேயே வைத்துக்கொள்ள விரும்புவேன். இரவு பத்து மணிக்குப் பொற்றாசியம் ஏறியிருப்பதாக ஆய்வுகூடத்திலிருந்து தகவல் வந்தால், தலவாக்கலையிலிருந்து நோயாளியை எப்படி வரவழைப்பது?

பண்டாரவளை உயிரியல் ஆசிரியர் எழுதியது:

கிரீன் டீ பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். அந்த வாட்ஸ்அப் செய்திக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. தேயிலையில் உள்ள கற்றெக்கின்கள், குறிப்பாக ஈ.ஜி.சி.ஜி. எனப்படுவது, பி.சி.எல்-2 புரதத்தின் அதே பள்ளத்தில் ஒட்டுகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது ஆய்வுகூடக் குழாய்க்குள் கண்டறிந்த உண்மை. ஆனால் வெனெட்டோக்ளாக்ஸ் அந்தப் பள்ளத்தைப் பற்றிக்கொள்ளும் இறுக்கம், ஈ.ஜி.சி.ஜி.யின் இறுக்கத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். மேலும், குடித்த தேநீரிலிருந்து குருதியை எட்டும் ஈ.ஜி.சி.ஜி.யின் அளவு மிகச் சொற்பம். ஆய்வுகூடங்களில் கலங்களைக் கொல்லப் பயன்படுத்திய செறிவு பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், இன்னும் சிகிச்சை தேவைப்படாத ஆரம்பநிலை சி.எல்.எல். நோயாளிகளுக்குச் செறிவாக்கிய கிரீன் டீச் சாற்றை மாத்திரை வடிவில் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலருக்கு நிணநீர்க்கலங்களின் எண்ணிக்கை சற்று இறங்கியது. சிலருக்குக் கணுக்களும் சுருங்கின. உங்கள் சித்தப்பா இதை அறிந்தால் மகிழ்வார், அதனால் மீதியையும் அவருக்குச் சொல்லுங்கள். அது சிகிச்சையாக ஏற்கப்படும் அளவுக்கு வளரவில்லை. அந்த நோயாளிகள் உங்கள் தந்தையாரின் நிலையில் இருந்தவர்களும் அல்லர். செறிவாக்கிய சாறு சிலருடைய ஈரலைப் பாதிப்பதும் தெரிந்த விடயம்.

இன்னொரு செய்தி இதைவிடக் கவலை தருவது. மைலோமா என்ற வேறொரு குருதிப் புற்றுக்குக் கொடுக்கப்படும் போட்டெசோமிப் மருந்தை ஈ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிடித்துக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடுகிறது என்று 2009இல் கண்டறிந்தார்கள். நன்மை செய்யும் என்று நம்பிச் சேர்த்த பொருளே மருந்தை முறித்துவிட்டது. அது வேறு மருந்துதான். ஆனாலும், இயற்கையானது என்பதற்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்வதில் ஆபத்தில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் தந்தையார் தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் ஒன்றை அவரே எளிதில் விளங்கிக்கொள்வார். கொழுந்தை அரைத்து நொதிக்கவிடும்போது கற்றெக்கின்களில் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறி, சாயத்துக்கு அந்தச் செம்மையைத் தருகிறது. ஆகவே அவர் வாழ்நாள் முழுக்கக் குடித்த தேநீரில் அந்தச் செய்தி சொல்லும் பொருள் குறைவாகத்தான் இருந்திருக்கும். தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மருந்தென்று எண்ணி மாத்திரையைத் தள்ளிப்போடுவதைத்தான் தடுக்க வேண்டும்.

பி.சி.எல்-2 பற்றி ஒரு சிறு வரலாறும் எழுதிவிடுகிறேன், வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. இந்தப் பரம்பரை அலகை 1980களின் நடுப்பகுதியில் சுஜிமோட்டோவும் குரோச்சேயும் ஒரு வகை நிணநீர்ப் புற்றில் கண்டெடுத்தார்கள். புற்றை உண்டாக்குவது என்றால் கலங்களை வேகமாகப் பெருக்குவதாகத்தான் இருக்கும் என்பதே அன்றைய எண்ணம். 1988இல் மெல்பேர்னில் டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் ஆகியோர், இது கலத்தைப் பெருக்குவதில்லை, சாகவிடாமல் காக்கிறது என்று காட்டினார்கள். அந்தப் புரிதலிலிருந்து மாத்திரை வருவதற்கு ஏறத்தாழ 28 ஆண்டுகள் பிடித்தன. வெனெட்டோக்ளாக்ஸின் முதல் மனித ஆய்வுகளும் மெல்பேர்னில்தான் தொடங்கின.

தலவாக்கலை ஆசிரியை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் நொதிக்கவிடுவது பற்றிச் சொன்னபோது முதன்முறையாக மறுத்துப் பேசாமல் கேட்டார். கிரீன் டீ மாத்திரை வாங்கும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது.

அவருடைய பெரிய கணு 6 சென்டிமீற்றர் என்று ஸ்கேனில் இருக்கிறது. எண்ணிக்கையும் 25,000க்கு மேல். ஆகவே வார்டில் தங்க வேண்டியவர்தான் என்று நானே இப்போது விளங்கிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று யாராவது எழுத முடியுமா? அவர் காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துப் பழகியவர்.

பதுளை மருந்தாளர் எழுதியது:

சகோதரி, இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் உடல் அதை உறிஞ்சுவது மிகவும் குறைந்துவிடும். கொழுப்புக் குறைந்த உணவோடு எடுத்தால்கூட, வெறும் வயிற்றில் எடுப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல் மருந்து குருதியை அடைகிறது. ஆகவே காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு முடித்த கையோடு, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், தண்ணீருடன் முழுதாக விழுங்க வேண்டும். மென்றோ உடைத்தோ எடுக்கக் கூடாது. ஒரு வேளை மறந்துபோய், 8 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் எடுக்கலாம்; அதற்கு மேல் ஆகிவிட்டால் அன்றைய மாத்திரையை விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் எடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலும் அன்று மறுபடி கொடுக்க வேண்டாம்.

ஈரலில் உள்ள ஒரு நொதியம்தான் இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுகிறது. அந்த நொதியத்தைத் தடுக்கும் எதுவும் மருந்தின் அளவைக் குருதியில் ஏற்றிவிடும். 20 மில்லிகிராம் விழுங்கியவர் அதைவிடப் பல மடங்கு விழுங்கியவர்போல் ஆகிவிடுவார். படிப்படியாக ஏற்றும் வாரங்களில் இது உயிராபத்து. பழங்களில் கிரேப்புரூட், மாமலேட் செய்யும் கசப்புத் தோடை, காமரங்காய் ஆகிய மூன்றையும் அறவே விலக்க வேண்டும். ஜம்போலா கிரேப்புரூட்டின் நெருங்கிய இனம், அதையும் விலக்குவதே நல்லது. நம் பக்கத்தில் காமரங்காய் மரம் வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாக நிற்பதால் அதைத்தான் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன். பலவீனமான சிறுநீரகத்துக்கு அது தனியாகவும் கேடு செய்யும்.

மருந்துகளில் கிளரித்ரோமைசின், இட்ராகொனசோல், வொரிகொனசோல் போன்றவை அளவை மிகவும் ஏற்றும். சிப்ரோபுளொக்சசின், டில்டியாசெம், வெரபமில் ஆகியவையும் ஓரளவு ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின், கார்பமசெப்பின் ஆகியவையும் இதற்கு மாறாக அளவை இறக்கிப் பயனற்றதாக்கிவிடும். டிஸ்பென்சரியிலோ தனியார் வைத்தியரிடமோ எந்த மருந்து வாங்கும்போதும் டயக்னோசிஸ் காட்டையும் மாத்திரைப் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். மூட்டு வலிக்குக் கேட்டவுடன் கிடைக்கும் டைக்குளோபெனக் இந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கூடாது.

காய்ச்சலை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம். இந்த மருந்து நோய்க்கிருமிகளோடு போராடும் வெண்குருதிக் கலங்களையும் குறைக்கிறது. உடல் வெப்பம் 38 பாகையைத் தொட்டால், பரசிற்றமோல் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்சை அழைத்து வைத்தியசாலைக்குச் சென்றுவிட வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளும் சிகிச்சைக் காலத்தில் கூடாது.

தட்டுப்பாடு என்றோ விலை என்றோ வெளியில் எவரிடமாவது இந்த மாத்திரை வாங்க நேர்ந்தால், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவு பெற்றதா என்று மருந்தகத்தில் கேட்டு, வைத்தியரிடம் காட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

மஸ்கெலியா மகன் எழுதியது:

அக்கா, என் அம்மாவுக்கும் இதே நோய், இதே மாத்திரை. வைத்தியர்கள் எழுதியவற்றில் கூட்டிச் சேர்க்க என்னிடம் அறிவு இல்லை. வீட்டில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் மாத்திரைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தினமும் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மருந்தளவு ஏறும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கேட்கும்போது எளிது. குளிர் காலத்தில் நம் பக்கத்து முதியவர்களுக்கு அது எளிதன்று. எங்கள் லயத்தில் மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, படிகள் இறங்கிப் போக வேண்டும். இரவில் எழுந்து போகப் பயந்து, மாலை நான்கு மணிக்குப் பிறகு அம்மா வாய் நனைக்க மாட்டார். அது அவருடைய பல காலப் பழக்கம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வார்டில் தாதி சிறுநீரின் அளவைக் குறித்தபோதுதான் தெரிந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் கொமட்டை வாங்கி அறைக்குள்ளேயே வைத்தோம். ஒரு லீற்றர்ப் போத்தலில் பேனாவால் கோடு போட்டு, பகல் உணவுக்குள் இந்தக் கோடு, இருட்டுவதற்குள் இந்தக் கோடு என்று வைத்தோம். சுடுதண்ணீராகக் கொடுத்தால் குடித்தார். உங்கள் தந்தையாரும் இப்படி அடக்கிக்கொள்பவரா என்று ஒருமுறை நேரே கேட்டுப் பாருங்கள். ஆண்கள் இன்னும் சொல்லமாட்டார்கள்.

யூரிக் அமிலத்துக்காகக் கொடுக்கும் அலோபியூரினோல் மாத்திரையை, "இது மூட்டு வலி மருந்துதானே, எனக்கு மூட்டு வலி இல்லை" என்று அம்மா ஒதுக்கி வைத்திருந்தார். தலையணை உறைக்குள் இருந்து எடுத்தேன். எந்த மாத்திரை எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும் தாள்கள் பெரும்பாலும் நம் அம்மா அப்பா வாசிக்கும் மொழியில் இருப்பதில்லை.

மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் வீதி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. மருந்தளவு ஏறும் நாளுக்கு முதல்நாளே கண்டிக்குப் போய், பேராதனையில் உறவினர் வீட்டில் தங்கினோம். இரண்டாம் வாரத்தில் பொற்றாசியம் சற்று ஏறியிருந்தது, அன்றைய மாத்திரையை நிறுத்தி வைத்து, சேலைன் ஏற்றி, மறுநாள் சரியானதும் தொடர்ந்தார்கள். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் கழுத்துக் கட்டிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. அம்மா இப்போதும் மாத்திரை எடுக்கிறார்.

அப்புத்தளை வாசகி எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மூத்த சகோதரிக்கு மார்பகப் புற்றுநோய். கலத்தைத் தானாகச் சாகவைக்கும் மருந்து என்றால் எல்லாப் புற்றுக்கும் பொருந்த வேண்டுமே? அவருக்கும் இதைக் கேட்டுப் பார்க்கலாமா?

குருதியியல் பிரிவு வைத்தியர் எழுதியது:

அப்புத்தளைச் சகோதரிக்கு: மார்பகப் புற்றுக்கு இது அனுமதிக்கப்பட்ட சிகிச்சை அன்று. உங்கள் சகோதரிக்கு அவருடைய வைத்தியர் தரும் சிகிச்சையை விடாமல் தொடர்வதே வழி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கலத்தைக் காக்கும் புரதங்கள் ஒரு குடும்பம், பி.சி.எல்-2 அவற்றுள் ஒன்று மட்டுமே. உறுப்புகளில் உருவாகும் பல புற்றுக்கள் பி.சி.எல்-எக்ஸ்.எல்., எம்.சி.எல்-1 என்ற அதன் உறவுகளை நம்பி வாழ்கின்றன. அவற்றையும் தடுத்துவிடலாமே என்று தோன்றும். முயன்றார்கள். வெனெட்டோக்ளாக்ஸுக்கு முன்னோடியான நவிட்டோக்ளாக்ஸ், பி.சி.எல்-2ஐயும் பி.சி.எல்-எக்ஸ்.எல்.ஐயும் சேர்த்தே தடுத்தது. நம் குருதிச் சிறுதட்டுக்கள் உயிரோடிருக்க பி.சி.எல்-எக்ஸ்.எல். வேண்டும். ஆகவே மருந்து கொடுத்தவர்களின் சிறுதட்டு எண்ணிக்கை உடனே சரிந்தது. அந்த மூலக்கூறை மாற்றியமைத்து, சிறுதட்டைத் தொடாமல் பி.சி.எல்-2ஐ மட்டும் பிடிக்கும்படி செய்ததே வெனெட்டோக்ளாக்ஸ். எம்.சி.எல்-1ஐத் தடுக்கும் மருந்துகளை மனிதரில் சோதித்தபோது இதயத் தசை பாதிப்படைவதற்கான அறிகுறிகள் தென்பட்டதால் சில ஆய்வுகள் நிறுத்தப்பட்டன.

குருதிப் புற்றுக்களிலும் இது எல்லாவற்றுக்கும் ஒத்துவருவதில்லை. கடும் மைலொயிட் லுக்கீமியா கண்ட, தீவிர கீமோவைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு அசசிட்டிடினோடு இதைச் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில், நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது. மைலோமாவிலோ, போட்டெசோமிப்போடு சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் வெனெட்டோக்ளாக்ஸ் பெற்றவர்களிடையே இறப்பு கூடியதால், 2019இல் அமெரிக்க ஒழுங்குபடுத்தும் நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது.

தலவாக்கலை ஆசிரியைக்கு: நீங்கள் எழுதிய அளவுகளின்படி அதிக ஆபத்துப் பிரிவுதான், ஆனால் இறுதி முடிவு உங்கள் வைத்தியருடையது. அடுத்த முறை போகும்போது மூன்றைக் கேளுங்கள். சிறுநீரகச் செயற்பாட்டின் எண் என்ன என்பது ஒன்று. ரிட்டுக்சிமாப் என்ற பிறபொருளெதிரியும் இதோடு சேர்த்துக் கொடுக்கப்படுமா என்பது இரண்டு. அப்படிக் கொடுத்தால் வெனெட்டோக்ளாக்ஸை இரண்டு ஆண்டுகளோடு நிறுத்துவது வழக்கம். 389 பேரைக் கொண்ட ஆய்வில் இரண்டு ஆண்டு முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 84.9 சதவீதம், பழைய முறைச் சிகிச்சை பெற்றவர்களில் அது 36.3 சதவீதம். தனியாகக் கொடுத்தால், பயன் இருக்கும்வரை தொடர்வார்கள். நீண்ட காலம் எடுப்பவர்களில் சிலருக்குப் பி.சி.எல்-2இன் அந்தப் பள்ளமே சற்று உருமாறி, மருந்து அமர முடியாமற் போவதுண்டு. அப்படி நேர்ந்தால் வேறு வழியில் செயற்படும் இப்ருட்டினிப் போன்ற மாத்திரைகள் உள்ளன. அவை இங்கே கிடைக்குமா என்பதை மூன்றாவது கேள்வியாக இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடைகளைக் கிளினிக் புத்தகத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வார்டில் வேறொரு வைத்தியர் பார்க்க நேர்ந்தாலும் அது உதவும்.